786 நோட்டுக்கு லட்சக்கணக்கில் விலையா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

பண்ருட்டி பலாப்பழ மண்டியில் கைமாறும் கட்டிலும் 786 நோட்டு இருக்கும், உங்க பர்ஸிலும் இருக்கலாம். அதற்கு லட்சக்கணக்கில் தருவதாக வரும் விளம்பரம் உண்மையா?

கணக்கு போட்டாலே புரிஞ்சிடும். நோட்டில் முதலில் வரும் எண்-எழுத்து வரிசை ஒவ்வொன்றுக்கும் 000001 முதல் 10 லட்சம் வரை எண்கள் உண்டு. அதில் 786 சேர்ந்து வருபவை மட்டும் 3,999. ஆனால் 111111, 777777 போல ஆறு இலக்கமும் ஒன்றாக இருப்பவை வெறும் 9 தான். சேகரிப்பாளர்கள் போட்டி போடுவது இவற்றுக்குத்தான். 786-ஐத் தேடுவதற்குக் காரணம், இஸ்லாமியர்கள் பலர் அதை 'பிஸ்மில்லா'வின் எண்ணாகக் கருதுவது.

நோட்டின் நிலைமையும் முக்கியம். மடிப்பு விழுந்தால், பேனாவால் கிறுக்கியிருந்தால் விலை சரிந்துவிடும். ஆன்லைனில் போட்டிருப்பது விற்பவர் கேட்கும் விலைதான். அந்த விலைக்கு விற்றது என்று அர்த்தமில்லை.

எண்ணுக்கு முன் நட்சத்திரக் குறி இருந்தால்? அச்சில் பழுதான நோட்டுக்குப் பதிலாகக் கட்டில் சேர்க்கப்பட்டது அது. கள்ள நோட்டு என வதந்தி பரவ, செல்லும் என்று 2023 ஜூலையில் ரிசர்வ் வங்கி விளக்கம் கொடுத்தது.

சிக்கல் ஆரம்பிப்பது விற்கும்போதுதான். ரிசர்வ் வங்கியின் பெயரையும் லோகோவையும் காட்டி, பழைய நோட்டு, நாணய விற்பனைக்குக் கட்டணம், கமிஷன், வரி எனச் சிலர் வசூலிக்கிறார்கள். அப்படி வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என 2021 ஆகஸ்டிலேயே அந்த வங்கி எச்சரித்தது. வாங்குறவர்தானே பணம் தரணும்? நம்மகிட்ட ஏன் கேட்கிறார்?

ஏற்கெனவே பணம் அனுப்பிட்டீங்கன்னா, தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்க.