‘இவர்தான்’ என்ற சாட்சியும் ‘நான் அங்கு இல்லை’ என்ற வாதமும்

கொலை, கொள்ளை வழக்குகளில் ‘இவரைத்தான் பார்த்தேன்’ என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால் போதுமா? பொய்ச்சாட்சியைக் குறுக்கு விசாரணை அம்பலப்படுத்திவிடலாம். தவறாக நம்பும் நேர்மையான சாட்சியோ அதில் அசைவதில்லை. ஆபத்து அங்குதான் அதிகம்.

எனவே இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 1976இல் டர்ன்புல் வழக்கில் சில கேள்விகளை வகுத்தது. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தார்? வெளிச்சம் இருந்ததா? இடையில் மறைப்பு உண்டா? முன்பே அறிந்தவரா? காவல்துறையிடம் முதலில் கூறிய அங்க அடையாளங்கள் பொருந்துகின்றனவா?

இந்தியாவில் அடையாள அணிவகுப்பு தனித்து நிற்கும் சாட்சியம் அல்ல. நீதிமன்றத்தில் அடையாளம் காட்டுவதே அடிப்படைச் சாட்சியம். ஆனால் முன்பின் அறியாதவரை முதன்முறையாக அங்கு காட்டுவது பொதுவாகப் பலவீனமானது; அணிவகுப்பு அதற்கு வலுச் சேர்க்கிறது.

‘சம்பவ நேரத்தில் வேறிடத்தில் இருந்தேன்’ என்பதே அலிபி. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இதற்கு இடமளித்தது. இன்று பாரதிய சாட்சிய அதினியத்தின் 9ஆம் பிரிவு. பினய் குமார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதன் வரிசையைத் தெளிவாக்கியது. முதலில் அரசுத் தரப்பு குற்றத்தை நிறுவ வேண்டும். அதன் பிறகே, தாம் அங்கு இருந்திருக்கவே முடியாது என்பதை எதிரி திட்டவட்டமாகக் காட்ட வேண்டும். அவரது ஆதாரம் நியாயமான ஐயத்தை எழுப்பினால், அதன் பலன் அவருக்கே.

அலிபி பொய்த்துவிட்டால் குற்றம் உறுதியாகிவிடுமா? இல்லை. நிரபராதியும் அச்சத்தால் பொய் சொல்லக்கூடும். அரசுத் தரப்பின் சுமை அப்போதும் குறைவதில்லை.