சீதனமும் உழைப்பும்: யாழ்ப்பாணக் கிராமத்துத் தாயின் வரலாறு

மன்னர் பரம்பரைகளையும் தேசாதிபதிகளின் பட்டியல்களையும் வரலாறெனக் கற்பிக்கும் வழக்கம் நமது பாடசாலைகளை விட்டு இன்னும் முற்றாக நீங்கவில்லை. சங்கிலியன் யாரென்று கேட்டால் மாணவர் விடை கூறுவர். அவன் காலத்துக் குடிகள் எதனை உண்டனர், அவ்வுணவை ஆக்கியவர் யாவர் என்று கேட்டால் வகுப்பறையில் மௌனமே நிலவும்.

யாழ்ப்பாணக் கிராமத்திலே குடும்பத்தைத் தாங்கி நின்ற பெண், எழுத்திலமைந்த ஆவணங்களில் பெரும்பாலும் இரண்டு இடங்களிலேயே தென்படுகிறாள். ஒன்று சீதன உறுதி. மற்றது அரசாங்கப் புள்ளிவிபரம். முன்னதில் அவள் காணிக்கு உடையவள்; பின்னதில் தொழிலற்றவள். இவ்விரு கூற்றுக்களும் எத்துணை உண்மையானவை என்று ஆராய்வதே நமது நோக்கமாகும்.

ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்சின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் 1707-ஆம் ஆண்டில் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்தளித்தார். 12 முதலிமார் அதனைப் பார்வையிட்டனர். இதுவே தேசவழமை. குடும்பச் சொத்தினை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகைப்படுத்தும் அத்தொகுப்பு, பண்டைக் காலத்தில் கணவனின் சொத்து ஆண்மக்களையும் மனைவியின் சொத்துப் பெண்மக்களையும் சேர்ந்தது என்று கூறுகிறது. போர்த்துக்கேயர் காலத்தில் இவ்வொழுங்கு தளர்ந்து, இருவர் சொத்திலிருந்தும் பெண்களுக்குச் சீதனம் வழங்கும் வழக்கம் ஏற்பட்டதாகவும் அது குறிப்பிடுகிறது. சீதனம் பெற்றுச் சென்ற மகள் பெற்றோர் சொத்தில் வேறு பங்கு கேட்பதற்கில்லை.

தாயின் நிலம் மகளுக்கும், மகளின் நிலம் பேர்த்திக்கும் சென்ற இம்முறையைச் சுட்டி, நமது பெண்கள் பண்டு தொட்டே சொத்துரிமை படைத்தவர்கள் எனப் பெருமை பேசுவோர் உளர். உடைமை வேறு, அதனை ஆளும் அதிகாரம் வேறு என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். 1806-இல் ஆங்கிலேயர் தேசவழமைக்குச் சட்ட வலுவளித்தனர். 1911-ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்றலாகாது என்று விதித்தது. காணி அவளுடையது, கையொப்பம் அவனுடையது! தந்தை இறந்தால் பிள்ளைகளை வளர்த்து மணஞ்செய்விக்கும் வரை குடும்பச் சொத்துத் தாயிடமே இருக்கவேண்டும் என்பதும் தேசவழமையின் விதியே. கணவன் இருக்கும்வரை ஆளத் தகுதியற்றவளாகக் கருதப்பட்டவள், அவன் இறந்த மறுநாளே முழுப் பொறுப்புக்கும் தகுதியுடையவளாகி விடுகிறாள். குறை அவளது ஆற்றலில் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி அவளது உழைப்பினை நோக்குவோம். ஆறில்லாத குடாநாட்டிலே தோட்டப் பயிர் கிணற்று நீரையே நம்பியிருந்தது. ஆடவர் துலா மிதித்துப் பட்டையால் இறைத்த நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிவிட்டவர்களுள் பெண்களும் சிறுவரும் இருந்தனர். களை பிடுங்குவதும், எருச் சேர்ப்பதும், நெல்லைப் புழுக்கிக் காயவைத்து உரலிலிட்டுக் குத்துவதும், குரக்கனைத் திரிகையில் அரைப்பதும் அவள் வேலைகள். பனம்பழத்தைப் பிழிந்து பாயிலூற்றிப் பனாட்டாக்கினாள். கிழங்கினை ஒடியலாகவும் புழுக்கொடியலாகவும் பக்குவப்படுத்திப் பஞ்ச மாதங்களுக்குச் சேமித்தாள். ஓலையால் பெட்டியும் கடகமும் பாயும் இழைத்தாள். இவற்றைக் கூலி கொடுத்துச் செய்வித்தால் அது செலவென்று கணக்கில் ஏறும். மனைவி செய்தால் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. இன்றைய தொழிற்படைப் புள்ளிவிபரங்களும் வீட்டுப் பணியில் ஈடுபடுவோரைப் பொருளாதார முயற்சியில் ஈடுபடாதோர் என்றே வகுக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்தனர். அங்கிருந்து வந்த பணம் கல்வீடுகளை எழுப்பியது. சம்பளக்கார மாப்பிள்ளையின் விலையையும் உயர்த்தியது. 1942 முதல் 1945 வரை யப்பானியர் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் அப்பண வரவு நின்றது. மலாயாப் பணத்தையே எதிர்பார்த்திருந்த வீடுகளிலும் அப்போது அடுப்பெரியச் செய்யும் பொறுப்பு ஊரிலிருந்த தாயின் தலையிலேயே விழுந்தது.

இதுவரை நாம் கூறியது நிலமுள்ள வீட்டுப் பெண்ணின் கதை. நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தாய்க்குச் சீதன உறுதியுமில்லை. ஆவணத்தில் அந்த ஒற்றைப் பெயருமில்லை. பிறர் தோட்டத்தில் களை பிடுங்கிய அவள், தன் பிள்ளைகளுக்குச் சோறாக்க ஒரு குடம் நீர் வேண்டிப் பிறர் கிணற்றடியிலே, அள்ளி ஊற்றுவார் வரும்வரை காத்து நின்றாள். 1957-ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இக்கொடுமையைக் குற்றமாக்கியது. ஆயினும் சட்டம் கிணற்றடி வரை வந்து சேர்வதற்கு மக்கள் போராட வேண்டியிருந்தது. 'யாழ்ப்பாணத்துப் பெண்' என்று ஒருமையிற் பேசுவோர், அக்கிணற்றின் இரு பக்கங்களிலும் நின்ற இரு பெண்களையும் காணல் வேண்டும்.

1931-இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அவ்வாண்டுத் தேர்தலைக் குடாநாடு பகிஷ்கரித்தமையால், அங்கு வெறுமையாயிருந்த ஆசனங்களுக்கு 1934-இலேயே தேர்தல் நடந்தது. 1945-இல் இலவசக் கல்வி வந்தது. உரலையும் திரிகையையும் மட்டுமே அறிந்திருந்த தாயரின் புதல்வியர் பலர் ஆசிரியைகளாயினர். இவை பெரும் வெற்றிகளே.

ஆனால் பழைய விலங்கு அறுபடவில்லை. 2009-இல் போர் முடிவுற்றபோது, கணவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றறியாத பெண்கள் வடக்கிலே பலர் இருந்தனர். சீதனக் காணியை விற்றோ ஈடுவைத்தோ பிள்ளைகளைக் காக்க முனைந்தவளிடம், 1911-ஆம் ஆண்டுச் சட்டம் காணாமற்போன கணவனின் கையொப்பத்தைக் கேட்டது. அதற்கு ஈடாக அவள் மாவட்ட நீதிமன்றத்தின் சம்மதத்தை நாடவேண்டியிருந்தது. காணாமற்போனமைக்கான சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு 2016-இலேயே சட்டமாயிற்று. அதுவும் தன் காணிமீது அவளுக்குரிய அதிகாரத்தை முழுமையாக்கவில்லை.

சட்டத்தை மாற்றுவது சட்டசபையின் பணி. வரலாற்றை மாற்றி எழுதுவது நம் பணி. ஒவ்வொரு கிராமத்திலும் பழைய உறுதிகள் பெட்டகங்களில் உறங்குகின்றன. அவற்றினும் அரிய செய்திகள் முதிய தாயரின் நினைவில் இருக்கின்றன. ஆசிரியரும் மாணவரும் அவற்றைத் தேடித் தொகுக்கட்டும். உறுதியே இல்லாத தாயரின் குடிசைகளிலிருந்து அத்தேடல் தொடங்கட்டும்.