டைகா

டைகா: பெயர்ச்சொல். தூந்திரப் பகுதிக்குத் தெற்கே ரஷ்யா, ஸ்காண்டிநேவியா, அலாஸ்கா, கனடா என உலகைச் சுற்றிக் கிடக்கும் ஊசியிலைக் காடு.

சொல் ரஷ்ய மொழி வழியாகப் பரவியது. ரஷ்யர்கள் அதைச் சைபீரியாவில் துருக்கிய, மங்கோலிய மொழிகள் பேசிய மக்களிடமிருந்து பெற்றார்கள். அம்மக்களுக்கு அது காடு மூடிய மலை. ரஷ்யர் வாயில் மலை உதிர்ந்து காடு நின்றது. போரியல் காடு என்றும் சொல்வதுண்டு. அந்தப் பெயருக்கு மூலமான போரியாஸ் கிரேக்கர்களின் வாடைக்காற்றுத் தெய்வம்.

ஊசியிலை மரம் என்றாலே என்றும் பசுமை என்று எண்ணிவிடுகிறோம். கிழக்குச் சைபீரியாவை ஆளும் லார்ச் மரமோ இலையுதிர்காலத்தில் பொன்னிறமாகி, ஊசிகள் அத்தனையையும் உதிர்த்துவிடுகிறது. அங்கே சில இடங்களில் குளிர் சுழியத்துக்குக் கீழே 60 டிகிரியைத் தாண்டும். உறைந்த மண்ணிலிருந்து வேர் நீர் எடுக்க முடியாது. இலையில்லாத மரம் இருக்கும் நீரையும் இழக்காது. கோடையில் மேல்மண் மட்டும் இளகும். அந்த மெல்லிய படலத்துக்குள்ளேயே வேர்கள் பக்கவாட்டில் ஓடுகின்றன. எத்தனை அருமையான பிழைப்பு அது!

ஊசிகள் எளிதில் மக்குவதில்லை. அவற்றிலிருந்து கசியும் அமிலம், மண்ணின் இரும்பையும் அலுமினியத்தையும் கீழே இழுத்துச் செல்கிறது. மேலே மிஞ்சுவது வெளிறிய சாம்பல் நிற அடுக்கு. இந்த மண்ணுக்கான பெயரும் ரஷ்யாவே தந்தது: போட்சோல், அதாவது அடியில் சாம்பல்.