செங்கல் அடுக்குவதும் ஊழியம்தான்

தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்தவர்கள், சுற்றிச் சுற்றி மேலே ஏறும் செங்கல் நிற இந்தியன் காபி ஹவுஸைப் பார்த்திருப்பீர்கள். கட்டியவர் லாரி பேக்கர். 1917ல் பர்மிங்ஹாமில் பிறந்தவர், குவேக்கர் கிறிஸ்தவர். இங்கிலாந்து குவேக்கர்களிடம் பாதிரியார் என்று தனியாக ஒருவர் கிடையாது. எல்லோரும் ஊழியர்கள்தான்.

1945ல் தொழுநோய் மிஷனுக்காக இந்தியா வந்தார். பிரசங்கம் பண்ண அல்ல, பழைய தொழுநோய் இல்லங்களை ஆஸ்பத்திரிகளாக மாற்றிக் கட்ட. அவருக்குக் கிடைத்த தாலந்து கட்டடக்கலை; மனைவி எலிசபெத்துக்கு மருத்துவம். இமயமலைப் பக்கம் பித்தோராகரில் இருவரும் பல வருடம் ஆஸ்பத்திரி நடத்திவிட்டுத்தான் கேரளம் வந்தார்கள்.

திருவனந்தபுரத்தில் அவர் பரப்பியது ‘எலிப்பொறி’ சுவர். செங்கலைக் குத்துவாக்கில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. கிட்டத்தட்டக் கால் பங்கு செங்கல் மிச்சம். வீட்டுக்குள் சூடும் குறைவு. பூந்துறை மீனவர்களுக்கும் வீடு கட்டினார்.

ஊழியத்துக்குப் போகாமல் பேங்க்குக்கு வந்துவிட்டோமே என்று எனக்கு ரொம்ப நாள் உறுத்தல். வீட்டுக்கடனில் குறைகிற ஒவ்வொரு ஆயிரமும் பல வருட வட்டியையும் சேர்த்துக் குறைக்கும். இது எனக்குத் தெரிந்த கணக்கு. 2007 ஏப்ரல் 1ல் பேக்கர் மறைந்தார். இப்போது யாராவது எஸ்டிமேட்டோடு வந்தால், “சுவர் எப்படிக் கட்டப் போறீங்க?” என்று கேட்கிறேன்.