ஒரு பென்னி தபாலும் ஒரு ஷில்லிங் வாழ்த்தும்

பண்டிகைக்கு முன் கடைக்குப் போய், இது மாமாவுக்கு, இது ஆசிரியருக்கு என்று வாழ்த்து அட்டைகளைப் பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறீர்களா? இப்பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் ஓர் ஓவியர் என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆனால் அந்த ஓவியருக்கும் முன்னால் வழி திறந்துவிட்டது தபால் கட்டணமே.

1840க்கு முந்திய இங்கிலாந்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். கடிதம் செல்லும் தூரத்தையும், அதிலுள்ள தாள்களின் எண்ணிக்கையையும் பார்த்துக் கட்டணம் விதித்தார்கள். பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே அதைக் கட்டவேண்டும். நீங்கள் அனுப்பும் வாழ்த்து உறவினருக்குச் செலவாகப் போய்ச் சேரும்!

ரோலண்ட் ஹில் என்பவர் 1837இல் இதை ஆராய்ந்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். கடிதத்தைச் சுமந்து செல்லும் செலவு மிகச் சிறியது. கட்டணத்தைக் கணக்கிட்டு வீடுதோறும் வசூலிப்பதற்கே செலவு மிகுதி என்று காட்டினார். அவர் யோசனைப்படி, 1840 ஜனவரி 10 முதல் அரை அவுன்ஸ் வரையுள்ள கடிதத்துக்கு நாடெங்கும் ஒரே கட்டணம், ஒரு பென்னி என்றாயிற்று. 1839இல் சுமார் 7 கோடியே 60 லட்சமாக இருந்த கடிதங்கள், 1840இல் சுமார் 16 கோடியே 90 லட்சமாகப் பெருகின.

இத்திட்டத்துக்காகப் பாடுபட்டவர்களுள் ஹென்றி கோல் ஒருவர். 1843ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு, நண்பர்கள் அனைவருக்கும் தனித்தனியே கடிதம் எழுத அவருக்கு நேரமில்லை. ஓவியர் ஜான் ஹார்ஸ்லியிடம் ஒரு படம் வரையச் சொன்னார். நடுவில் ஒரு குடும்பம் மதுக்கோப்பை ஏந்தி வாழ்த்துகிறது. இருபுறமும் ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கும் காட்சிகள். ஏறத்தாழ ஆயிரம் அட்டைகள் அச்சாயின. படத்தில் ஒரு குழந்தையும் மது அருந்துவதைக் கண்டு மதுவிலக்கு இயக்கத்தார் கண்டித்தார்கள்.

அட்டையின் விலை ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்னி. தபால் செலவைப்போல் 12 மடங்கு! வாரம் முழுதும் உழைத்தும் பத்து ஷில்லிங் காணாத விவசாயக் கூலிகள் அந்நாளில் ஏராளம். ஏழைக்கு உதவும் காட்சி அட்டையில் இருந்தது. அந்த அட்டையை வாங்க ஏழையால் முடியவில்லை.

ஏன் இவ்வளவு விலை? அது கல்லச்சில் அச்சானது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் வரைவார்கள். பிறகு கல்லை நீரால் நனைப்பார்கள். நீரும் எண்ணெயும் ஒட்டாதல்லவா? உருளையால் அச்சு மையைத் தடவினால், அது வரைந்த இடத்தில் மட்டும் பற்றும். ஈரமான இடத்தில் பற்றாது. இப்படி அச்சான கோட்டுப் படத்துக்கு ஒவ்வொன்றாகக் கையால் வண்ணம் தீட்டினார்கள். விலை ஏறியது இதனால்தான்.

பின்னர் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் என்று வைத்து, வண்ணங்களையும் அச்சிடும் முறை பரவியது. நீராவியால் இயங்கும் அச்சு இயந்திரங்களும் வந்தன. அட்டை விலை சரிந்தது. 1870இல் அஞ்சல் அட்டைக்கும் ஒட்டாத உறையில் வைத்த அச்சிட்ட அட்டைக்கும் கட்டணம் அரைப் பென்னியாகக் குறைந்தது. சாதாரணக் குடும்பங்களும் அட்டை வாங்கத் தொடங்கின. பத்தே ஆண்டுகளில், 1880இல், கிறிஸ்துமஸ் தபாலை முன்கூட்டியே அனுப்புங்கள் என்று தபால் இலாகா மக்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது!

நம் ஊரிலும் 1970, 1980களில் பொங்கல் வாழ்த்தை உறைக்குள் வைத்து, ஒட்டாமல், ‘புக் போஸ்ட்’ என்று எழுதிக் குறைந்த செலவில் அனுப்பியதைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அங்கும் இங்கும் வாழ்த்தைப் பொதுச் சொத்தாக்கியது அந்தச் சில்லறைக் காசுதான்.

வீட்டில் பழைய வாழ்த்து அட்டை ஏதேனும் இருந்தால், ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். வண்ணப் படம் மறைந்து, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் தெரியும். கல்லுக்குப் பதில் உலோகத் தகடு வந்துவிட்டது. நீரும் எண்ணெயும் ஒட்டாத அதே தத்துவம் இன்றைய ஆஃப்செட் அச்சிலும் வேலை செய்கிறது.