புகையிலை மூளையைப் பிடித்த கதை



அந்தக் காலத்து ரப்பர் தோட்டத்தின் விடியற்காலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். பிரட்டுக் களத்தில் இருட்டு இன்னும் பிரியவில்லை. பெயர் கூப்பிடக் காத்து நிற்கும் ஆண்களின் கையில் பீடியோ சுருட்டோ புகைகிறது. பெண்களின் இடுப்பில் சுருக்குப் பை. அதனுள் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கூடவே ஒரு துண்டுப் புகையிலை. ஆண் புகைத்தான், பெண் மென்றாள். கிள்ளான், காப்பார், பந்திங் வட்டாரத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக நாம் கண்ட காட்சி இது. புகைத்தாலும் மென்றாலும் செடி ஒன்றுதான். அதிலுள்ள நஞ்சு போய்ச் சேரும் இடமும் ஒன்றுதான். அந்த இடம் நம் மூளை.

இந்தப் புகையிலை நம் முன்னோர் கண்ட பொருளா என்றால், இல்லை. வெற்றிலையும் பாக்கும் நமக்கு மிகப் பழையவை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி, உண்டு முடித்த கோவலனுக்கு வெற்றிலை பாக்குக் கொடுக்கிறாள். ஆனால் அந்த வெற்றிலையில் புகையிலை இல்லை. புகையிலையின் தாயகம் அமெரிக்கக் கண்டம். போர்த்துகீசியர் அதைக் கப்பலில் இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பேரரசர் அக்பரின் அவைக்கு அது 1600ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் வந்து சேர்ந்தது. அவர் மகன் ஜஹாங்கீர் 1617இல் அதைத் தடை செய்தார். தடையை யார் கேட்டார்கள்? தமிழ்நாட்டில் திண்டுக்கல்லும் திருச்சியும் சுருட்டுக்குப் பெயர் பெற்றன. யாழ்ப்பாணத்துப் புகையிலை கடல் கடந்து திருவாங்கூருக்குப் போயிற்று.

அங்கிருந்து மலாயாவுக்கு வந்தவர்கள் நம்மவர்கள். கங்காணியோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் தோட்டங்களுக்குப் போனார்கள். ரயில்வே வேலைக்கு வந்த தமிழரும் யாழ்ப்பாணத்தாரும் பிரிக்பீல்ட்சில் குடியேறினார்கள். ஊரை விட்டு வந்தவர்கள் ஊர்ப் பழக்கத்தை விட்டு வரவில்லை. கொசுக்கடியும் குளிரும் அலுப்பும் நிறைந்த பால்வெட்டு வேலையில் பீடியும் புகையிலையும் துணையாகத் தோன்றின. அதை நாம் இன்று ஏளனம் செய்யக்கூடாது. ஆனால் அந்தத் துணை உள்ளே இருந்துகொண்டு என்ன செய்தது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

புகையிலையின் நஞ்சுக்கு நிக்கோட்டின் என்று பெயர். 1560ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு அரண்மனைக்குப் புகையிலையை மருந்தென்று அனுப்பிவைத்த தூதர் ழான் நிக்கோவின் பெயரிலிருந்து வந்தது அது. 1828இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் போசெல்ட், ரைமான் என்ற இருவர் அதைத் தனியே பிரித்தெடுத்தார்கள். 1905இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் லாங்லி என்ற அறிஞர் நிக்கோட்டினை வைத்துச் சோதனை செய்து ஓர் உண்மையைச் சொன்னார். உடலின் அணுக்களில் சில பொருள்களை ஏற்றுக்கொள்ளும் தனி இடங்கள் உண்டு என்பதே அது.

அந்த இடங்களைப் பூட்டு என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பூட்டுக்கு ஏற்ற சாவியை நம் உடலே செய்துகொள்கிறது. நிக்கோட்டினோ கள்ளச்சாவி. புகையை இழுத்த சில விநாடிகளில் அது மூளைக்குப் போய்ப் பூட்டைத் திறந்துவிடுகிறது. உடனே டோபமின் என்ற பொருள் சுரந்து மனத்துக்கு இதம் தருகிறது. கள்ளச்சாவி அடிக்கடி வர வர, மூளையில் பூட்டுகளின் எண்ணிக்கை கூடுகிறது. பிறகு நிக்கோட்டின் கிடைக்காத நேரத்தில் எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வருகின்றன. “ஒரு பீடி இழுத்தால்தான் கை ஓடும்” என்று பெரியவர் சொல்கிறாரே, அது வெறும் சாக்கன்று. அவர் மூளை கேட்கிறது. மெல்லும் புகையிலையில் நிக்கோட்டின் வாயின் தோல் வழியே மெதுவாக ஏறுகிறது. மெதுவாக ஏறினாலும் பிடி ஒன்றுதான்.

இந்தப் பிடி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரியானதா? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூளையைப் படமெடுத்துப் பார்த்து, 2012இல் வெளியிட்ட முடிவு வியப்பானது. புகைக்கும் ஆண்களின் மூளையில், புகைக்காத ஆண்களைவிட அந்தப் பூட்டுகள் அதிகம். பெண்களிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. அப்படியானால் பெண்கள் எளிதில் விட்டுவிடலாமே என்று தோன்றும். நடப்பது அப்படியல்ல. பெண்களின் பழக்கத்தில் நிக்கோட்டினோடு கவலை, மன அழுத்தம், பழகிய மணம், கையின் பழக்கம் ஆகியவையும் பெரும் பங்கு வகிக்கின்றன. பெண்ணுடல் நிக்கோட்டினை விரைவாகக் கரைத்துவிடும். கர்ப்ப காலத்தில் இன்னும் விரைவாக. அதனால் நிறுத்த நினைக்கும் பெண்ணுக்கு மருந்து மட்டும் போதாது, மனத்துக்கு ஆறுதலும் வேண்டும்.

மூளைக்கு வேறு ஆபத்தும் உண்டு. புகை, இரத்தக் குழாய்களைக் கெடுத்து இரத்தத்தை உறையச் செய்கிறது. பக்கவாதத்துக்கு இது வழி. கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடும் பெண் புகைத்தால் இந்த ஆபத்து மேலும் கூடும்.

“எங்கள் வீட்டுப் பெண்கள் புகைப்பதில்லையே” என்று நீங்கள் சொல்லலாம். 2019இல் நாட்டில் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, புகைத்த ஆண்கள் நூற்றுக்கு 40.5, பெண்கள் 1.2 மட்டுமே. ஆனால் இந்தக் கணக்கில் இரண்டு செய்திகள் மறைந்திருக்கின்றன.

முதலாவது, கணவனின் புகை. ஜப்பானில் ஹிராயாமா என்ற மருத்துவ அறிஞர், புகைக்காத 91,540 மனைவிமாரைப் பதினான்கு ஆண்டுகள் கவனித்து, 1981இல் முடிவை வெளியிட்டார். அதிகம் புகைத்த கணவர்களின் மனைவியருக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வந்திருந்தது. லயத்து வீட்டின் சிறு அறையையும் இன்றைய அடுக்குமாடி வீட்டின் கூடத்தையும் எண்ணிப் பாருங்கள். அங்கே புகைக்குப் போக்கிடம் ஏது?

இரண்டாவது, சுருக்குப் பை. கோலாலம்பூரில் 1900இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் டாக்டர் கே. ராமநாதன் வாய்ப் புற்றுநோயை ஆராய்ந்தார். 1976இல் வெளிவந்த அந்த ஆய்வு, மக்கள் தொகையில் சிறுபான்மையினரான இந்தியரிடையே இந்நோய் மிக அதிகம் என்று காட்டியது. புகையிலை சேர்த்து வெற்றிலை மெல்லும் பழக்கம் இதற்குப் பெரிய காரணம். புகைக்காத நம் பாட்டிமாரும் புகையிலைக்குத் தப்பவில்லை.

இதற்கிடையே சிகரெட்டுத் தொழில் நம் பக்கத்திலேயே வளர்ந்தது. பெட்டாலிங் ஜெயாவில் 1960களில் எழுந்த ரோத்மன்ஸ் சிகரெட்டுத் தொழிற்சாலையின் பெயரால் ஒரு சாலை வட்டமே அழைக்கப்பட்டது. அந்தத் தொழிற்சாலை 2017இல் உற்பத்தியை நிறுத்தியது. சட்டமும் படிப்படியாக இறுகியது. 1993இல் புகையிலைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 2004இல் ‘தக் நக்’ என்ற இயக்கம் தொடங்கியது. 2019 ஜனவரி முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை வந்தது. 2024 அக்டோபரில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. மின் சிகரெட்டும் அதற்குள் அடக்கம். அந்த மின் சிகரெட்டிலும் பெரும்பாலும் நிக்கோட்டின்தான் இருக்கிறது. வளரும் பிள்ளையின் மூளை அதற்கு இன்னும் எளிதில் அடிமையாகும்.

நேயர்களே, தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புகள் எழுந்துவிட்டன. பழைய பழக்கம் மட்டும் ஏன் நம்மோடு வரவேண்டும்? ஒரு நல்ல செய்தியும் உண்டு. பழக்கத்தை விட்டுவிட்டால், கூடிப்போன பூட்டுகள் சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கும். முதல் சில நாட்கள்தாம் மிகக் கடினம். அந்த நாட்களில் அப்பா எரிந்து விழுந்தால் வீட்டார் பொறுத்துக்கொள்ளுங்கள். பாட்டி பையைத் தேடினால், திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் தழும்போ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். புகைப்பதை நிறுத்த உதவும் பிரிவு அரசாங்கச் சுகாதார நிலையங்களில் உண்டு. அங்கே போகக் கூச்சப்பட வேண்டாம். கணவனும் மனைவியும் சேர்ந்தே போகலாம்.

நானூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்த பழக்கம் இது. நம் வீட்டு வாசலிலேயே இதை நிறுத்திவிடலாம்.