நிறம் கேட்காத சாயம்

நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரைக் குருதியினின்று வடித்து, வேண்டியதை மீண்டும் குருதிக்கே ஈந்து, வேண்டாததை மட்டும் வெளியேற்றும் ஓயாத உழைப்பாளி சிறுநீரகம். பெரும்பகுதி பழுதான பின்னரும் முறையிடாத உழைப்பாளி! அதன் ஆற்றலை அளப்பதெப்படி?

1910-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ரௌன்ட்ரீ, ஜெராட்டி எனும் இருவர் ஒரு வழி கண்டனர். ஃபீனால் சிவப்பு எனும் சாயத்தை ஊசிவழி உடலில் செலுத்தி, அது எவ்வளவு சிறுநீரில் வெளிப்பட்டது என்பதை நிறங்கொண்டு அளந்தனர். எளிய முறைதான், ஆயினும் அச்சாயத்தின் பெரும்பகுதி வடிகட்டி வழியே வராமல் சிறுநீரக நுண்குழாய்களால் வெளித்தள்ளப்படுவது. வடிக்கும் திறனை அது செவ்வனே காட்டவில்லை. 1930-களில் ஹோமர் ஸ்மித் போன்றோர் கையாண்ட இனுலின் அக்குறையை நீக்கிற்று. எனினும், மணிக்கணக்கில் நரம்பில் மருந்தேற்றிச் சிறுநீர் சேர்க்க எத்தனை நோயாளியால் இயலும்?

எனவே, மருத்துவமனைகள் குறுக்குவழியை நாடின. தசையில் பிறக்கும் கிரியாட்டினின் எனும் கழிவு குருதியில் எவ்வளவு என்று பார்த்து, வாய்பாடு ஒன்றினால் சிறுநீரகத்தின் திறனை மதிப்பிடுவது. ஈண்டுதான் கணக்கினுள் பிறப்பு புகுந்தது! 2000-இல் வந்த வாய்பாடு, நோயாளி கறுப்பரெனில் விடையை 1.212 ஆல் பெருக்கச் சொன்னது. கறுப்பருக்குத் தசை மிகுதி என்று காரணமும் கூறப்பட்டது. ஆய்வில் கண்ட சராசரி, ஆள்தோறும் விதியாகிவிட்டது.

விளைவை எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில், டயாலிசிஸ் தொடங்காதவருக்குக் காத்திருப்புக் காலம் எண்ணப்பட, அளவு 20 அல்லது அதற்குக் கீழே இருத்தல் வேண்டும். வெள்ளையருக்கு 17 என்று வரும் கணக்கு, அதே குருதியுடைய கறுப்பருக்கு 20.6 ஆகும். ஒருவருக்குக் கதவு திறக்கும், மற்றவருக்குத் திறவாது. 2021-இல்தான் அப்பெருக்கலை நீக்குமாறு அந்நாட்டுச் சிறுநீரக அறிஞர் குழு பரிந்துரைத்தது. 2023 முதல், இழந்த காத்திருப்புக் காலம் ஆயிரக்கணக்கான கறுப்பர்க்குத் திருத்தித் தரப்பட்டது. அதற்குள் மாண்டவர்க்கு யார் திருத்துவது?

இதற்கிடையே சாயமும் மீண்டும் வந்தது, இம்முறை ஒளிரும் சாயமாக. 1871-இல் பேயர் ஆக்கிய ஃபுளோரசின் இருக்கின்றதே எனலாம். அது குருதிப் புரதத்தைப் பற்றிக்கொள்வது, இப்பணிக்கு உதவாது. செயின்ட் லூயிஸ் நகரின் மெடிபீக்கன் நிறுவனம் வளர்த்தெடுத்த ரெல்மாபிராசினோ புரதத்தைப் பற்றாது, உடலில் உருமாறாது, சிறுநீரக வடிகட்டி வழியே வெளியேறும். நரம்பில் அதைச் செலுத்தி, மார்பின் தோலில் ஓர் உணர்கருவியை ஒட்டுகின்றனர். கருவி ஒளி பாய்ச்ச, சாயம் ஒளிர்கிறது. குருதியினின்று அது நீங்க நீங்க ஒளி தேய்கிறது. 2025 சனவரியில் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் தந்தது.

கருமை ஒளியைப் பருகுமே, கறுத்த தோலில் இக்கருவி பிழைபடாதோ என்று வினவுவது முறையே. அதனால்தான் மிக வெளுத்த தோலினர் முதல் மிகக் கறுத்த தோலினர் வரை ஆய்வில் சேர்க்கப்பட்டனர். மேலும், கருவி கணக்கிடுவது ஒளியின் அளவையன்று, அது தேயும் வேகத்தை. தோல் பாதி ஒளியை விழுங்கினும், எஞ்சிய பாதி அதே வேகத்தில்தான் தேயும்.